வெயிலூரிலிருந்து வெயிலைத் தேடி

வேலூரை எங்கள் பக்கத்தில் வெயிலூர் என்றே சொல்வார்கள். அந்த ஊரில் 31 வருஷம் பூகோள டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் கணவர் காட்பாடியில் ரயில்வே மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் ஏப்ரல் கடைசியில் ஓய்வுபெற்றார். மே மாதமே இருவரும் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, அரிசோனாவின் டூசான் என்று மூன்று ஊர்களுக்குக் கிளம்பிவிட்டோம். மூன்றுமே அமெரிக்காவில் வெயிலுக்குப் பேர்போன ஊர்கள். பக்கத்து வீட்டு அம்மா, "ஏன் டீச்சர், அக்னி நட்சத்திரத்துல வெயிலைத் தேடிக்கிட்டா அவ்ளோ தூரம் போறீங்க?" என்று கேட்டார்.

கலிபோர்னியா குளிர் நீரோட்டம், சொனோரன் பாலைவனம் என்றெல்லாம் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியே என் காலம் போய்விட்டது. ஒரு தடவையாவது அந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவருக்கோ அமெரிக்க ரயிலில் ஒரு நாள் போக வேண்டும். எங்கள் வயதில் அமெரிக்கா போகிறவர்கள் பெரும்பாலும் மகளுக்குப் பிரசவம் பார்க்கவோ, பேரக்குழந்தையைக் கொஞ்சவோ போவார்கள். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஊர் பார்க்க.

விசா நேர்காணலிலும் அதைத்தான் கேட்டார்கள். சென்னையில் கைரேகை எடுக்க ஒரு நாள், அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றதும், "யாரும் இல்லை, சுற்றிப் பார்க்கப் போகிறோம்" என்று உள்ளதைச் சொன்னோம். எந்த ஊரில் எத்தனை நாள், என்ன பார்க்கப் போகிறோம், செலவுக்குப் பணம் எப்படி என்ற மூன்றுக்கும் கணவனும் மனைவியும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்தது. விண்ணப்பத்தை யாரிடமாவது கொடுத்து நிரப்பச் சொல்லாமல், நாங்களே உட்கார்ந்து நிரப்பியதால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மட்டும் ஏறக்குறைய 16 மணி நேரம். பெட்டியில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் இருந்தது. பொடி வகைகளைக் கைப்பையில் வைக்காதீர்கள். 350 மில்லிக்கு மேல் போனால் தனியாகச் சோதிப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் ஒரு பூச்சி கறிவேப்பிலைச் செடியில் தங்குவதால் அதற்குத் தடை இருக்கிறது. நான் அரைக் கட்டு எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, கிளம்பும் முன் படித்துப் பார்த்து எடுத்துவிட்டேன். உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கறிவேப்பிலையை விடுங்கள், சின்ன மின்சாரக் கெட்டிலையும் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கலாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் கெட்டில் 230 வோல்டுக்குச் செய்தது. "பாதி வோல்டேஜ்ன்னா சூடு பாதி இல்லம்மா, கால் பங்குதான்" என்று அவர் விளக்கினார். அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. மறுநாள் அங்கேயே ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கினோம். பதினைந்து நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு அதுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் நான்கு நாள் இருந்தோம். முதல் இரண்டு நாள் தூக்கக் கணக்கு சரியாகவே இல்லை. அந்த நாட்களுக்கு முன்கூட்டியே டிக்கெட் எதுவும் வாங்காமல் இருந்தது நல்லதாயிற்று. ஊர் பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் நாள் முழுக்க சாலையிலேயே போய்விடும். எங்கள் மனதில் நின்றது கிரிஃபித் வானாய்வகம். 1935-ல் திறந்த கட்டடம், உள்ளே போகக் கட்டணம் இல்லை. இருட்டிய பிறகு பெரிய தொலைநோக்கியில் வரிசையாக எல்லோருக்கும் காட்டுகிறார்கள், அதற்கும் காசு இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும். மலையில் கார் நிறுத்தத்தான் பெரும்பாடு. நாங்கள் மெட்ரோவில் போய், அங்கிருந்து சின்னப் பேருந்தில் ஏறிப் போனோம்.

அப்புறம் அவருடைய ரயில். லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷன் 1939-ல் கட்டியது. ஓடு வேய்ந்த நடை, தோல் இருக்கைகள் போட்ட காத்திருப்புக் கூடம். அவர் ஒவ்வொரு விளக்கையும் நின்று பார்த்தார். அங்கிருந்து சான் டியேகோவுக்கு பசிபிக் சர்ஃப்லைனர் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காரில் போனால் சில நேரம் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். ஆனாலும் ரயிலில்தான் போக வேண்டும். சான் கிளமென்டே பக்கத்தில் தண்டவாளம் மணலை ஒட்டியே போகிறது, அலை ஜன்னலுக்கு நேர் கீழே. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும், அதற்கேற்ப இடம் பிடியுங்கள். சாதாரண வகுப்பில் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது, முன்னால் ஏறியவருக்கே ஜன்னல். இன்னொன்று, அந்தக் கரையில் மண் சரிந்து பாதை மூடுவது அடிக்கடி நடக்கிறது. முதல்நாள் ஒரு தடவை ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சான் டியேகோவில் இறங்கினால் வெயிலே இல்லை! வானம் முழுக்க சாம்பல் நிற மேகம், 18 டிகிரி, மெல்லிய காற்று. நான் பருத்திப் புடவையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். மறுநாளும் அப்படியே. விடுதியில் கேட்டால் "மே கிரே" என்றார்கள். ஜூன் வந்தால் அதுவே "ஜூன் க்ளூம்". ஊர்க்காரர்கள் பேர் வைத்து அழைக்கும் அளவுக்கு வழக்கமானது. காரணம் நான் 31 வருஷம் நடத்திய பாடம்தான். வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம் கடலுக்கு மேலுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் மேகம் தங்கிவிடுகிறது. பாடத்தில் இதைப் படித்த ஒரு பிள்ளையும் "அப்போ ஊருக்குப் போறவங்க என்ன பண்ணணும் டீச்சர்?" என்று கேட்டதில்லை. இப்போது பதில் தெரியும்: கடற்கரை வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் போக வேண்டும்.

பாயின்ட் லோமா முனையில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 400 அடிக்கு மேல், மலை உச்சியில் 1855-ல் விளக்கு ஏற்றினார்கள். உயரமாக இருந்தால் தூரத்துக் கப்பலுக்கும் தெரியும் என்று எண்ணித்தான் அங்கே வைத்தார்கள். ஆனால் இந்தத் தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும் வந்து விளக்கையே மறைத்துவிடும். 1891-ல் அதை அணைத்துவிட்டு, கீழே கரையோரம் வேறொன்று கட்டினார்கள். நாங்கள் போன காலையிலும் மேகம் அந்த வெள்ளைக் கட்டடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. என் மாணவர்களை எல்லாம் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல் இருந்தது.

மூன்றாம் நாள் வழி பிடிபட்டது. கடலை ஒட்டித்தான் மேகம் அதிகம் தங்கும், உள்ளே போகப் போகச் சீக்கிரம் கலையும். அதனால் காலையில் பால்போவா பூங்கா, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கடல் என்று மாற்றிக்கொண்டோம். பால்போவா பூங்காவின் அழகான கட்டடங்கள் பல 1915-ல் நடந்த பனாமா-கலிபோர்னியா கண்காட்சிக்காக எழுந்தவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அங்குள்ள ஆர்கன் இசைக்கருவியில் திறந்தவெளியில் இலவசக் கச்சேரி. லா ஹோயா பாறைகளில் கடல் சிங்கங்கள் குவியலாகப் படுத்திருக்கின்றன. ஊருக்குள் போக டிராலி ரயிலும் பேருந்தும் போதும், கார் தேவைப்படவில்லை.

மேகமாக இருக்கிறதே என்று நான் தொப்பி போடவில்லை. நம் ஊர் வெயிலில் வளர்ந்த தோலுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்காம் நாள் கழுத்தும் மூக்கும் எரிந்து தோல் உரிந்தது. சூடு தெரியாததால் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தோம் என்பதே உறைக்கவில்லை. மேகம் வெளிச்சத்தைத்தான் மங்க வைக்கும், புற ஊதாக் கதிர் பெருமளவு கீழே வந்துவிடும்.

டூசானுக்கு காரில் போனோம். வாடகைக் கார் எடுத்த இடத்தில் ஒரு மணி நேரம் தவித்தோம். எங்களிடம் இருந்தது டாலர் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டு. முன்பணத்துக்கு அதை ஏற்க மாட்டோம், ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். என் பெயரில் ஒன்று இருந்தது, ஆனால் ஓட்டப்போவது அவர். கடைசியில் அவருடைய பழைய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மொபைலில் திறந்துவிட்டு முடித்தோம். அதை ஊரிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கியிருந்தோம், அதையும் நம் உரிமத்தையும் சேர்த்துக் காட்டச் சொன்னார்கள். விலை பார்க்கும்போது காருக்கான காப்பீடும் எதிரில் வருபவருக்கான காப்பீடும் அதில் அடக்கமா என்று பாருங்கள். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு.

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடுகிறது. பழகாதது சின்ன விஷயங்கள்தான். நான்கு பக்கமும் 'நில்' பலகை இருக்கும் சந்திப்பில், ஆளே இல்லாவிட்டாலும் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போவார். தடைப் பலகை இல்லாத இடத்தில், சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்புறம் திரும்பலாம். பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரம் கார்டைச் செருகியதும் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும். நம்முடையது ஆறு இலக்கம், எடுக்காது. உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டிவிட்டால் சரி. இதையும் மனதில் வையுங்கள்: அங்கே பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல். அவர் பச்சையைப் பார்த்து நம் ஊர் நினைவில் கையை நீட்டிவிட்டார், நான்தான் எழுத்தைப் படித்துத் தடுத்தேன்.

அந்தப் பாதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஐ-8 நெடுஞ்சாலை சான் டியேகோவிலிருந்து 4,000 அடிக்கு மேல் மலையேறி, பாறைக் குவியல்கள் நடுவே இறங்குகிறது. காலையில் 18 டிகிரியில் கிளம்பியவர்கள், இரண்டு மணி நேரத்தில் 38 டிகிரியில் எல் சென்ட்ரோவில் நின்றோம். அந்த ஊர் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. மேகத்தைக் கடலோடு நிறுத்தி வைத்தது நடுவிலிருந்த மலைதான். மழை மறைவுப் பிரதேசம் என்று எத்தனை தேர்வில் கேட்டிருப்பேன்! அதைத் தாண்டினால் மணல் குன்றுகள், அப்புறம் யூமா, அப்புறம் முதல் சுவாரோ கள்ளி. மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாதை என்பதால் எல்லைக் காவலர் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆளில்லாத நீண்ட தூரங்கள் இருப்பதால் தண்ணீர் ஒரு கேன் பின்சீட்டில் வேண்டும்.

டூசானில் முதல் நாள்தான் நாங்கள் தப்புச் செய்தது. எங்களுக்கு வெயில் புதிதா என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது. சுவாரோ தேசியப் பூங்காவுக்குப் பத்து மணிக்குப் போய், ஒரு மைலுக்கும் குறைந்த பாதைதானே என்று ஆளுக்கு அரை லிட்டர் பாட்டிலோடு இறங்கினோம். வேலூர் வெயிலில் பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். உடம்பு அதை வைத்தே தாகத்தைச் சொல்லும். இங்கே சட்டை நனையவே இல்லை. வியர்க்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தோம். உண்மையில் காற்று அவ்வளவு வறண்டிருந்ததால், வியர்வை வந்த கணமே காய்ந்துகொண்டிருந்தது. அவர் தொப்பியின் ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

திரும்பும்போது அவர் எரிந்து விழ ஆரம்பித்தார். "கொஞ்சம் நிழல்ல உட்காருவோங்க" என்றதற்கு, "இவ்ளோ செலவு பண்ணி வந்துட்டு உட்கார்றதா?" என்றார். 33 வருஷத்தில் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கார் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. குமட்டல், தலைவலி, கை நடுக்கம். கேட்டதற்குப் பதில் வர நேரமாயிற்று. பூங்கா ஊழியர் ஒருவர் கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியைக் கழுத்தில் போட்டு, உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தார். பக்கத்தில் அவசரச் சிகிச்சை மையம் எங்கே என்று சொன்னவரும் அவர்தான்.

அங்கே போனதும் மருத்துவர் முதலில் கேட்டது என் கணவர் தினம் சாப்பிடும் மாத்திரை பற்றி. ரத்த அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் மாத்திரையில் சிறுநீர் பிரியச் செய்யும் மருந்தும் கலந்திருக்கிறது. வறண்ட வெயிலில் அது நீரிழப்பைக் கூட்டும் என்றார். இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கிளம்பும் முன் குடும்ப டாக்டரிடம், "இப்படி ஓர் ஊருக்குப் போகிறோம், இந்த மாத்திரைகளோடு எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்க வேண்டும். எங்களைப்போல் 50 வயதைத் தாண்டிய தம்பதிகள் தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். மருந்துச் சீட்டின் ஆங்கில நகல் என் பையில் இருந்ததால் பெயர்களைச் சொல்ல முடிந்தது. பணத்தை நாங்களே கட்டினோம். பயணக் காப்பீட்டு எண்ணுக்கு அன்றைக்கே தகவல் சொல்லி, ரசீதும் மருத்துவர் எழுதிய அறிக்கையும் வாங்கி வைத்ததால், ஊருக்கு வந்த பின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

அன்று மாலை அறையில் ரசம் சாதம் வடித்துக் கொடுத்தேன். அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "காலையில கத்திட்டேன்ல" என்றார். அப்போது இருவருமாக உட்கார்ந்து மீதி நாட்களை மாற்றி எழுதினோம். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வெளியில். ஒன்பதுக்குமேல் அறை, தூக்கம், படிப்பு. மாலை ஆறுக்குப் பிறகு மறுபடியும் வெளியில். நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தாகம் வரும்வரை காத்திராமல். அவர் பட்டியலில் இருந்த பாதி இடங்களை அடித்துவிட்டார். வெயிலுக்குத் தப்ப ஊரே அப்படித்தான் வாழ்கிறது என்பது பிறகு புரிந்தது. காலை ஆறு மணிக்கே ஆட்கள் நாயோடு நடந்து முடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த நேரக் கணக்கு வந்த பிறகுதான் டூசான் எங்களுக்குக் கிடைத்தது. ஊருக்குத் தெற்கே தொஹோனோ ஓதாம் பழங்குடி மக்களின் நிலத்தில் சான் சேவியர் தேவாலயம், 1797-ல் கட்டி முடித்தது. காலை வெளிச்சத்தில் அந்த வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசாமல் ஒளிரும். கிட் பீக் வானாய்வகம் அருகில் இருப்பதால் தெருவிளக்குகளை அடக்கமாகவே வைத்திருக்கிறார்கள். இரவில் ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே போனாலே வானம் நிறைய நட்சத்திரம். சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை, சைவம் சாப்பிடுபவர்களுக்கு: மெக்சிகோ வகைக் கடைகளில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் செய்வது வழக்கம். சோற்றிலும் கோழிச் சாறு சேர்ப்பார்கள். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் போதாது, கொழுப்பையும் சாற்றையும் தனியாகக் கேட்க வேண்டும். நான் இரண்டு நாள் கேட்காமல் சாப்பிட்டிருக்கிறேன், அது இன்னும் மனதை உறுத்துகிறது.

செலவில், பட்டியலில் போட்ட விலை கடைசி விலை அல்ல. கடையில் வரி பிறகு சேரும், உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும், சில விடுதிகள் 'ரிசார்ட் கட்டணம்' என்று நாளுக்கு ஒரு தொகை வாங்குகின்றன. நாங்கள் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டோம், சரியாக இருந்தது.

கடைசி நாள், ஃபீனிக்ஸில் விமானம் பிடிக்கும் முன், இருட்டோடு எழுந்து அதே சுவாரோ பூங்காவுக்குப் போனோம். சுவாரோ கள்ளி முதல் எட்டு வருஷத்தில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் வளரும். பக்கவாட்டில் முதல் கை முளைக்க 50 வருஷத்துக்கு மேல் ஆகும். மே மாதம் அதன் பூக்காலம். பூ இரவில் விரியும், மறுநாள் பிற்பகலுக்குள் வாடிவிடும். பத்து மணிக்கு வருகிறவர்களுக்குக் களைத்துப்போன பூதான் தெரியும். நாங்கள் போனபோது மணி ஐந்தே கால். நாலு ஆள் உயரக் கள்ளியின் உச்சியிலும், தாழ்ந்திருந்த ஒரு கையின் நுனியிலும் வெள்ளைப் பூக்கள் முழுதாக விரிந்து நின்றன. ஒரு புறா அதில் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கல் பக்கத்தில்தான் இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தோம். அவர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். வெயில் மலை விளிம்பைத் தாண்டி எங்கள் காலடிக்கு வரும்வரை அங்கேயே இருந்தோம்.